ஓரத்தில் அரை அடி

நமக்கெல்லாம் இப்போது வாயைத் திறந்தால் முழங்கால் வலியும் சீனி வருத்தமும்தான் பேச்சு. கல்யாண வீட்டில் சந்தித்தாலும் செத்த வீட்டில் சந்தித்தாலும் அதே மருந்துப் பெயர்கள். ஆகையால், என் வயதுக்காரிகளே, நான் டெனிஸைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் இவளுக்கு மண்டை பிசகிவிட்டதா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். சிரித்து முடிந்த பிறகாவது கேளுங்கள்.

போன மாதம் செங்கலடியில் மகள் வீட்டில் நின்றேன். மருமகன் தொலைக்காட்சியில் டேவிஸ் கிண்ணப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டுக்கு நாடு ஆண்கள் அணியாகப் போய் ஆடுகிற டெனிஸ் அது. ஆடுகிறவன் ஒருவன், வெல்வதும் தோற்பதும் அவனுடைய நாடு. ஆட்டம் தொடங்கும் முன்பு நடுவர் இறங்கி வந்து வலையின் நடுவில் ஒரு கோலை நிறுத்தி அளந்தார். மருமகன் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "நடுவில மூண்டடி மாமி, ரெண்டு ஓரத்திலயும் மூண்டரை. அரை அடி வித்தியாசம் இருக்கும்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்து இரக்கப்பட்டுச் சொன்ன விளக்கம். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். அந்த அரை அடியை ஐம்பது வருடமாக வயிற்றுக்குள் வைத்திருக்கிறவள் நான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பெரிய சூறாவளிக்கு முந்திய வருடம். எங்கள் வீடு வாவிக்கரையில். வாவி என்பது புத்தகத்தில்தான், நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பியோன். காலையில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை நடப்பார், பின்னேரம் துரைமாரின் டெனிஸ் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய கிளப் வாசல் வரை நடப்பார். வாசலைத் தாண்டி உள்ளே போக அனுமதியில்லை.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். அவனுக்கு ஆட்டம் பழக்கியவர் பள்ளிக்கூடத்தில் இருந்த வெளிநாட்டுப் பாதிரியார். அவர் தன்னுடைய நாட்டுக்குத் திரும்பும்போது மர மட்டை ஒன்றை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். கொழும்பிலிருந்து பள்ளிக்கூடங்களைப் பார்க்க வந்த ஒரு டெனிஸ் அதிகாரி அண்ணனுடைய ஆட்டத்தைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தார். அதை நாங்கள் மறந்தே போனோம். பாதிரியாரும் போய், பள்ளித் திடலில் புதுக் கட்டடத்துக்கு அத்திவாரமும் வெட்டியான பிறகு கடிதம் வருகிறது. டேவிஸ் கிண்ணத்துக்குப் போகும் இலங்கை அணிக்கு ஆள் தெரிவாம். இரண்டரை மாதத்தில் கொழும்பில் ஆடிக் காட்ட வேண்டுமாம்.

அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே கொண்டு திரிந்தார். வியர்வையில் மடிப்பு மடிப்பாக நைந்து போனது. நாட்டின் முத்திரை வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மகன் நிற்பான், தன்னிடம் மட்டை தூக்கத் தருகிற துரைமார் எழுந்து கை கொடுப்பார்கள். அந்தக் காட்சியை எத்தனை தரம் எங்களுக்குச் சொல்லியிருப்பார்! கோட்டின் நிறம் மட்டும் ஒவ்வொரு நாளும் மாறும்.

அண்ணன் பழகுவதற்கு இடம் கேட்டு அப்பா கிளப் செயலாளரிடம் போனார். அவர் கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். "பியோன்ட மகனுக்கு டேவிஸ் கிண்ணமா?" என்று பக்கத்துக் கதிரைக்காரரைப் பார்த்துச் சிரித்தாராம். அப்பா வந்து சோறு தின்னவில்லை. படியில் குந்தியிருந்து வீட்டைச் சுற்றிய வளவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "இஞ்சயே ஒரு திடல் போடுவம். அந்தக் கிளப்புப் பக்கம் இனி என்ட கால் படாது."

வளவில் ஏழு தென்னைகள் காய்த்துக்கொண்டு நின்றன. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. வீடும் வளவும் பெண் வழிக்குத்தான். அப்பா கல்யாணம் முடித்து அம்மாவின் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறவர். அம்மாவுக்கு அந்த வளவு அவளுடைய தாயிடமிருந்து வந்தது, அவளுக்குப் பிறகு எனக்குச் சீதனமாக வரவேண்டியது. ஆகவே தென்னையில் கத்தி வைக்கும் முன்பு அம்மாவின் தமையன், என்னுடைய மாமா, வந்து உட்கார்ந்தார். மாமா ஆற்றில் வலை போடுகிறவர். வலை கட்டுவதில் அவரை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் இல்லை, அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

"புள்ளயிட வளவு. புள்ளயைக் கேளுங்க" என்றாள் அம்மா. நான் மறுத்துவிடுவேன் என்ற நம்பிக்கை அவளுக்கு.

மாமா என்னைப் பக்கத்தில் இழுத்தார். "என்ன கா, உன்ட தென்னையை வெட்டட்டா? மறுகா கல்யாணத்துக்குத் தேங்காய் இல்லை எண்டு அழப்படாது."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்து நின்றான். நான் தலையை ஆட்டினேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஏழு மரமும் விழுந்தன. கடைசி மரம் விழுந்தபோது வளவுக்குள் வந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவேயில்லை.

தரையை மாமாவும் வட்டையில், அதுதான் வயலில், வேலை செய்கிறவர்களும் போட்டார்கள். நெல் அடிக்கிற களத்துக்குப் போடுவது போலத்தான். புற்றுமண்ணைக் குழைத்துப் பரப்பி, தட்டி இறுக்கி, அம்மாவும் அயல் பெண்களும் சாணம் மெழுகினார்கள். ஈரமும் சாணமும் புற்றுமண்ணும் கலந்த அந்த மணம், மழை பெய்து விட்டால் இப்போதும் எங்கிருந்தோ மூக்கில் ஏறுகிறது. வந்தவுடன் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

அளவு வேண்டுமே. அண்ணனுக்குச் சோதனை நேரம், அவன் பள்ளிக்கூடத்தில். அப்பா கிளப் பக்கம் போகமாட்டார். கிளப் காவலாளி எங்களுக்குத் தூரத்து உறவு. மத்தியானத்தில் பின் படலையால் ஒரு சின்னப்பிள்ளையை விடலாம், கேள்வி வராது என்றார். அப்படித்தான் நான் போனேன். கையில் மாமா தந்த தங்கூசி உருண்டை, மீன் வலைக்குப் போடுகிற நைலோன் நூல். நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு, வலை உயரத்துக்கு ஒரு முடிச்சு.

நீளமும் அகலமும் காவலாளியே பிடித்துத் தந்தார். வலைக்கு வரும்போது யாரோ கூப்பிட அவர் ஓடிவிட்டார். ஒரு பக்கத் தூணுக்கருகில் துரை ஒருவர் சாய்மனைக் கதிரையில் வாயைத் திறந்து நித்திரை. மறுபக்கத் தூணில் முசுறு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. வலையின் நடுவில் வெள்ளைப் பட்டி ஒன்று நிலம் வரை நேராக இறங்கியிருந்தது. நூலைப் பிடித்து அளக்க அதைவிட வசதியான இடம் உண்டா? பட்டியோடு பட்டியாக நூலை வைத்தேன், முடிச்சுப் போட்டேன், ஓடி வந்துவிட்டேன்.

மாமா தன் கையாலேயே வலை பின்னினார். இரண்டு பக்கமும் மரக்குற்றி நட்டு, என்னுடைய முடிச்சு உயரத்துக்குக் கயிற்றை இழுத்துக் கட்டினார். வீணைத் தந்தி மாதிரி நின்றது. விரலால் சுண்டினால் ரீங்காரம் வரும்.

"கிளப்பில நடுவில ஒரு வெள்ளைப் பட்டி கட்டிக் கிடக்கு மாமா" என்றேன்.

"இழுத்துக் கட்டத் தெரியாதவன்ட வேலை அது. காத்துக்கு ஆடும், அதுதான் நடுவில பிடிச்சுக் கட்டியிருக்கான். நான் கட்டுற வலைக்குப் பட்டி என்னத்துக்கு?"

அண்ணன் வந்து பார்த்தான். மட்டையை வலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தான். "ஸ்கூல் வலை நடுவில பணிஞ்சிருக்கும், மாமா" என்றான் மெதுவாக.

"அது கிழிஞ்ச வலை மனே. கிழிஞ்சது தொய்யாம என்ன செய்யும்?"

மெய்தான், பள்ளிக்கூட வலை பத்து இடத்தில் ஒட்டுப் போட்ட பழைய வலை. அண்ணன் அதற்குமேல் பேசவில்லை. பேசவும் ஏலாது. மாமாவின் மகளைத்தான் அவனுக்கு என்று சின்னதிலிருந்தே பேசி வைத்திருந்தார்கள். நாளைக்கு அந்த வீட்டுக்கு மருமகனாகப் போகிறவன் மாமன் கட்டிய வலையில் குறை பிடிப்பானா?

பிறகு தொடங்கியது பாருங்கள் ஆட்டம்! அயலில் கொஞ்சம் ஆடத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். அண்ணனிடம் ஒரு அடி இருந்தது. வலப்பக்க மூலையிலிருந்து ஓரக்கோட்டை ஒட்டி, வலைக்கு ஒரு விரல் மேலால் நேரே போகும். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பந்தை எடுத்தவன் கிடையாது. பின்னேரங்களில் வேலி ஓரம் முழுக்கச் சனம். அப்பா கந்தோர் சட்டையோடு நின்று ஒவ்வொரு பந்துக்கும் கை தட்டுவார். அவர் பல் தெரியச் சிரித்ததை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். மாமா வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "அளவெடுத்த எஞ்சினியர் இவதான்" என்பார். எனக்குக் கால் நிலத்தில் பாவாது.

இரண்டாம் கிழமை அம்மா காவலாளிக்கு ஒரு முட்டி தயிர் கொடுத்துவிட்டாள். நான் போனபோது அவர் கிளப் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார். தூணில் இருந்த கைபிடியைச் சுற்றச் சுற்ற வலை உயர்ந்தது. பிறகு நடுவுக்குப் போய், அந்த வெள்ளைப் பட்டியைக் கீழே இழுத்து, ஒரு கோலை வைத்துப் பார்த்துக் கொளுவினார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே வலை என் நாடிக்கு வந்தது. நடுவுக்கு ஓடிப்போய் நின்றேன். நெஞ்சுக்குத்தான் வந்தது.

"ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் புள்ள இருக்கணும். ஓரம் உயரம், நடு பணிவு" என்றார் அவர், தயிர் முட்டியின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்த வழி ஞாபகமில்லை. சொல்லத்தான் வந்தேன், சத்தியமாகச் சொல்லத்தான் வந்தேன். படலையைத் திறந்தால் அப்பா மாமாவின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அண்ணனுடைய ஓரப்பந்து அம்பு மாதிரிப் போகிறது. அம்மா வேலியோரம் உருட்டிப் போட்ட தென்னை அடிக்குற்றிகளைச் சாக்கால் மூடி, ஒன்றின் மேல் இருந்து பார்க்கிறாள். என் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன். நாளை வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. ஒவ்வொரு நாளும் அண்ணன் அந்த அடியைத்தான் கூடக் கூடப் பழகினான்.

ஒரு நாள் யாரும் இல்லாத நேரம், இரண்டு பக்கக் குற்றிகளிலும் கயிற்றுக்குக் கீழே தேங்காயின் பொச்சுமட்டைத் துண்டுகளைச் செருகி ஓரத்தை உயர்த்திப் பார்த்தேன். சொல்லாமலே சரிசெய்து விடலாம் என்ற எண்ணம். மாமா வந்து கண்டுவிட்டார்.

"ஆர் இந்த வேலை பாத்தது? வலையோடயா விளையாட்டு?" மண்டையில் ஒரு குட்டு. பொச்சுமட்டைகளைப் பிடுங்கி எறிந்து, கயிற்றை முன்பைவிட இறுக்கிக் கட்டினார். நான் அழுதேன். குட்டுக்கு அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மா சீனி தந்து தேற்றினாள்.

அண்ணனும் அப்பாவும் கொழும்புக்கு ரயிலேறினார்கள். நான் பிள்ளையார் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கொழும்பிலும் யாராவது தெரியாதவன் வலை கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். பத்து வயதுப் புத்தி அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் திரும்பினார்கள். படலையில் அயல் சனம் கூடிவிட்டது. அப்பா முன்னால் வந்தார், முகம் கறுத்துப் போயிருந்தது. அண்ணன் பத்தடி பின்னால்.

"என்ன மச்சான், என்ன நடந்த?" என்றார் மாமா.

"நம்மட பிள்ளையை அவங்கள் எடுப்பாங்களா? முதலே பேர் எழுதி வச்சிட்டுத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்று அப்பா ஊருக்குக் கேட்கச் சொன்னார். சனம் உச்சுக் கொட்டிக்கொண்டு கலைந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் குரல் மாறியது. "நடுங்கிட்டான். அத்தனை துரைமாருக்கு முன்னால நடுங்கிட்டான். அந்த ஓரப்பந்து ஒண்டாவது தாண்டினதா எண்டு கேளுங்க. அடிச்சதெல்லாம் வலையின்ட மேல்பட்டியில பட்டு அவன்ட காலடியிலயே விழுகுது."

அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வலை உயரமா இருந்திச்சு அப்பா."

"வலை உயரமாம்!" அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "வலை எல்லா இடத்திலயும் ஒண்டுதான்டா. பயந்தவன்ட கண்ணுக்குத்தான் உயரமாத் தெரியும். உனக்கு நெஞ்சுக்குள்ள ஒண்டும் இல்ல. கோழை!"

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மூன்று சொல் போதும். ஓரத்தில் உயரம் அப்பா. அந்த மூன்று சொல் வரவில்லை. அப்பாவின் கை பெரிய கை. ஏழு தென்னை. மாமாவின் வலை. எல்லாம் என் முடிச்சால் வந்தது என்று தெரிந்தால்?

உள்ளே பேசியது எப்படியோ வெளியே போனது. இளைஞர்கள் அண்ணனைக் கண்டால், "என்ன மச்சான், இண்டைக்கும் வலை உயரமோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சந்தையில், பஸ்ஸில், கோயில் திருவிழாவில். முதலில் அவன் முறைத்தான், பிறகு அவர்களோடு சேர்ந்து தானும் சிரிக்கப் பழகினான். முறைத்தபோது நான் தாங்கினேன். சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. மட்டையைத் தொடவில்லை. திடலில் புல் முளைத்தது, அடுத்த வருடம் சூறாவளி வந்து வீட்டுக் கூரையோடு வலையையும் கொண்டு போனது. துடைத்து எடுத்த மாதிரி ஒன்றும் மிஞ்சவில்லை.

அண்ணன் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் களஞ்சியக்காரனாக வேலைக்குச் சேர்ந்தான். மாமாவின் மகளை முடித்து, வழக்கப்படி அவளுடைய வீட்டுக்கு, தேற்றாத்தீவுக்குக் குடிபோனான். கூட்டத்தில் பேசமாட்டான். பதவி உயர்வுக்கு நேர்முகப் பரீட்சை என்றால் அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போடுவான். "அவன் பயந்த சுபாவம்" என்று எல்லோரும் சொன்னார்கள், அவனுடைய பிள்ளைகளும் சொன்னார்கள். யுத்த காலத்தில் ஒரு விடியலில் ஆற்றுக்குப் போன மாமா திரும்பி வரவில்லை. காணாமல் போன மனிதரின் வலையில் குறை சொல்லுவதா என்று அதன் பிறகு ஒரு சாட்டு எனக்குக் கிடைத்தது. சாட்டுக்கு எப்போது பஞ்சம்? அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

தொலைக்காட்சியில் அந்தக் கோலைப் பார்த்த மறுநாள் நான் செங்கலடியில் பஸ் ஏறினேன். தேற்றாத்தீவில் இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவன் முற்றத்தில் இருந்து கோழிக்கூட்டுக் கதவுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். அறுபத்தெட்டு வயது. மச்சாள் கடைக்குப் போயிருந்தாள்.

"என்ன தங்கச்சி, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்காய்?"

எல்லாவற்றையும் சொன்னேன். தூணடியில் படுத்திருந்த துரை, முசுறு, வெள்ளைப் பட்டி, தயிர் முட்டி, நாடிக்கு வந்த வலை, பொச்சுமட்டை. நடுவில் நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்கியிருக்கமாட்டேன். அவன் குறடைக் கையில் பிடித்தபடியே கேட்டான்.

"அப்ப எனக்குக் கை நடுங்கல்லயா?" என்றான்.

"இல்ல அண்ணன். வலை உயரம்தான். நீங்க சொன்னது மெய்."

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேறு யாருடையதோ கையைப் பார்ப்பது போல இருந்தது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கோழி ஒன்று கூட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தது.

"அப்பா சாகிற அண்டைக்கு என்னைப் பக்கத்தில கூப்பிட்டவர்" என்றான். "'மனே, என்னில கோபப்படாத. அண்டைக்கு நீ மெய்யாப் பயந்துதானே போனாய்?' எண்டு கேட்டவர். கோழை எண்டு சொல்லி மகனைக் கெடுத்துப்போட்டனோ எண்டு கிடந்து தவிச்சிருக்கார் போல. இல்ல எண்டு சொன்னா இன்னும் தவிப்பார். 'ஓம் அப்பா, பயந்துதான் போனன்' எண்டு சொல்லிட்டன். மறுகா அவர் கண் முழிக்கல்ல."

அண்ணன் குறடை நிலத்தில் வைத்தான். பிறகு அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை, கேள்வி மட்டும்தான்.

"நீயும் பக்கத்திலதானே நிண்டாய், தங்கச்சி?"

நின்றேன். அப்போது நான் பத்து வயதுப் பிள்ளையில்லை, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். அப்பா கேட்டதும் என் காதில் விழுந்தது, அண்ணன் சொன்னதும் விழுந்தது. அப்பாவின் வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றது நான்தான்.